பதினெட்டு இரவுக் கதை

கொங்கு நாடு மேட்டு நிலம். மழை வளம் குறைந்தது. நொய்யலும் அமராவதியும் அந்நாட்டின் ஊடே பாய்ந்தாலும், ஆற்றங்கரையை விட்டுச் சிறிது தொலைவு சென்றால் மண் வறண்டு கிடப்பதைக் காணலாம். அங்கு வாழ்ந்த உழவர் ஆழமான கிணறு தோண்டினர். காங்கேயம் காளைகளைக் கவலையிற் பூட்டிச் சாலால் நீர் இறைத்தனர். கிளுவை வேலி கட்டிய தோட்டங்களில் பருத்தியும் சோளமும் கம்பும் விளைத்தனர். இந்நாளில் அந்நிலப் பகுதியின் பெயர் உலகச் சந்தையில் வழங்குவது பனியன் தொழிலால். திருப்பூரிலும் அதனைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பின்னலாடை தைக்கும் எந்திரங்களின் ஓசை இரவும் பகலும் ஓய்வதில்லை. அவ்வோசை எழுவதற்கு நெடுங்காலத்திற்கு முன்பே அங்கு இரவெல்லாம் ஒலித்த ஓசை வேறொன்று உண்டு. அதுவே உடுக்கை ஓசை.

உடுக்கையைத் தட்டிப் பாடப்பெறும் கதைப்பாட்டைக் கொங்கு மக்கள் உடுக்கடிப் பாட்டு என்பர். அப்பாட்டுகளுள் தலையாயது அண்ணன்மார் கதை. பொன்னர், சங்கர் என்னும் உடன்பிறந்தார் இருவரின் வரலாற்றைக் கூறுவதாதலின் பொன்னர் சங்கர் கதை என்றும் அது வழங்கும். இருவருக்கும் தங்கை ஒருத்தி உண்டு. அவளை மக்கள் தங்காள் என்றும் அருக்காணி என்றும் அன்புடன் அழைப்பர். கதையைக் கேட்கும் பெண்டிர் பலருக்கு அண்ணன்மாரைவிட இத்தங்கையிடமே மனம் செல்லும். வரப்போவதை முன்கூட்டி அறியும் ஆற்றல் அவளுக்கு உண்டு. ஆயினும் அதனைத் தடுக்கும் ஆற்றல் இல்லை. அவள் துயரம் அதனாற் பெரிதாயிற்று.

கதை மூன்று தலைமுறையைத் தழுவியது. பொன்னிவள நாட்டில் காடு திருத்திக் கழனியாக்கிய கோளாத்தாக் கவுண்டர் முதல் தலைமுறையினர். அவர் மகன் குன்னுடையான் இளமையிலே பெற்றோரை இழந்தான். பங்காளிகளின் கொடுமைக்கு ஆளாகி, வேற்றூர் சென்று ஆடுமாடு மேய்த்து வயிறு வளர்த்தான். அவ்வூரிலேயே தாமரை என்னும் நங்கையை மணந்தான். பிள்ளைப்பேறு இன்மையால் வருந்திய தாமரை நெடுங்காலம் தவம் கிடந்து, சிவபெருமான் அருளால் பொன்னரையும் சங்கரையும் தங்காளையும் ஒருசேர ஈன்றாள். மூத்தவன் பொறுமையே உருவானவன். இளையவன் சினமே உருவானவன். அவர்களுக்கும் தலையூர்க் காளி முதலிய வேட்டுவர்க்கும் பகை மூண்டது. கொம்பன் என்னும் பெருங்காட்டுப்பன்றி வயல்களை அழித்தது. அதனை வேட்டையாடச் சென்றவர்கள் பொன்னாச்சி என்னும் சிறு பெண்நாயை அற்பமென்று எண்ணி வீட்டில் விட்டுச் சென்றனர். ஏனைய வேட்டை நாய்களெல்லாம் தோற்றன. பின்னர் அழைத்து வரப்பெற்ற அச்சிறு நாயே பன்றியை நிலைகலங்கச் செய்தது. சங்கர் தன் வேலால் அதனைக் கொன்றான். இந்த இடத்தைப் பாடகர் பாடும்போது சிறுவர் தூக்கம் கலைந்து எழுந்து உட்காருவர். ஆனால் பன்றி வீழ்ந்த பின் நெடுநாள் மகிழ்ச்சி இல்லை. பதினாறே வயதில், விதித்த நாள் வந்துற்றபோது, சங்கர் தன் வாள்மீது வீழ்ந்து உயிர்விட்டான்; தம்பியைக் கண்ட பொன்னரும் அவ்வாறே உயிர் துறந்தான். அண்ணன்மாரைத் தேடிக் காட்டுவழியே சென்ற தங்காள் அவர்கள் கிடந்த இடத்தைக் கண்டு, தெய்வ அருளால் அவர்களைச் சிறிது பொழுது உயிர்பெற்றெழச் செய்தாள். பேச வேண்டியதைப் பேசிவிட்டு அவர்கள் மீண்டும் விண்ணுலகு சேர்ந்தனர். கதையின் கிளைகள் ஊருக்கு ஊர் மாறுபடும், அடிமரம் இதுவே.

இக்கதையைப் பாடுவோர் பெரும்பாலும் இருவராக வருவர். முன்பாட்டுக்காரர் உடுக்கையை ஏந்திப் பாடுவார். துணைவர் அடியை வாங்கிப் பாடியும், "ஆமாம்" என்று இசைவு கூறியும், வேண்டுமிடத்து வினாவியும் கதையை நடத்துவார். சிறிது பாட்டும் சிறிது வசனமுமாகக் கதை செல்லும். பாடகர் ஒருவரே தாமரையாக அழுவார், தலையூர்க் காளியாக உறுமுவார், கிளியாகப் பேசுவார். திரையும் இல்லை, ஒப்பனையும் பெரிதாக இல்லை. கோயில் முன்றிலில் ஒரு பந்தல், ஒரு விளக்கு, விரித்த பாய், இவையே அரங்கு. எதிரே ஊரார் உட்கார்ந்திருப்பர். பாட்டில் வரும் வயலும் வரப்பும் கிணறும் காடும் அவர்கள் நாள்தோறும் காண்பவையே. பங்காளிக் காய்ச்சல் என்பது இன்னதென்று அவர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டுவதில்லை. ஆதலின் பாடகர் ஒரு சொல் சொன்னால் அவர்கள் பத்துச் சொல் கேட்டுக்கொள்வர்.

காங்கேயத்தை அடுத்த ஓலப்பாளையம் இத்தகைய ஊர்களுள் ஒன்று. அந்நாளில் அது கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 2009-ஆம் ஆண்டில் திருப்பூர் மாவட்டம் அமைந்தபின் இம்மாவட்டத்திற்கு உரியதாயிற்று. 1964-ஆம் ஆண்டில் அவ்வூருக்கு ஓர் இளநங்கை வந்து சேர்ந்தார். அவர் பெயர் பிரெண்டா பெக். ஆக்சுபோர்டுப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மாணவி. மானிடவியல் என்னும் துறையில் ஆராய்ச்சி செய்ய வந்த அவர், ஏறத்தாழ இரண்டாண்டுகள் அவ்வூரிலேயே தங்கினார். ஊராரின் உறவு முறை, வழிபாடு, உழவு, விழா ஆகியவற்றைக் கூர்ந்து நோக்கிக் குறிப்பெடுத்தார். அவ்வாறு தங்கியிருந்த காலத்தில்தான் அண்ணன்மார் கதை அவர் செவிக்கு எட்டியது.

1965-ஆம் ஆண்டில் இராமசாமி என்னும் பாடகர், துணைவர் ஒருவருடன், ஊரார் முன்னிலையில் அக்கதையைப் பாடினார். பாட்டு ஓர் இரவில் முடியவில்லை. இரண்டு இரவில் முடியவில்லை. பதினெட்டு இரவுகள் தொடர்ந்தது. அத்தனை இரவும் பெக் அம்மையார் ஒலிப்பதிவுக் கருவியுடன் அமர்ந்து, பாடகரின் குரலை மட்டுமன்றிப் பந்தலின் ஓசை முழுவதையும் நாடாவிற் பதிவு செய்தார். அக்காலத்தில் சிற்றூர் மக்களுக்கு அக்கருவி ஒரு விந்தை. ஆயினும் கதை தொடங்கியபின் அவர்கள் கருவியை மறந்தனர் என்று எண்ணுவதில் தவறில்லை. சங்கர் வாளை உருவும்போது யார்தாம் நாடாவைப் பார்த்துக்கொண்டிருப்பர்?

அம்மையார் இதனோடு நில்லாமல் மற்றொரு செயலும் செய்தார். அதே பாடகர், கேட்போர் கூட்டம் இன்றித் தனியே அமர்ந்து, எழுத்தர் ஒருவருக்கு அக்கதையைச் சொல்லி எழுதுவிக்குமாறு ஏற்பாடு செய்தார். பாடகர் ஒருவர், கதையும் ஒன்று, ஆதலின் இரண்டும் ஒத்திருக்க வேண்டும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். ஆனால் அவை ஒத்திருக்கவில்லை. ஊரார் முன் பாடிய கதை ஒரு நடையாகவும், எழுத்தர் முன் சொல்லிய கதை மற்றொரு நடையாகவும் அமைந்தன. இவ்விரண்டையும் ஒப்பிட்டு ஆராய்ந்து அவர் எழுதிய ஆங்கில நூல் 1982-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் வெளியாயிற்று.

இந்த வேறுபாடு சிறியதன்று. ஏட்டைக் கையில் வைத்துக் கற்றுப் பழகியவர், நூல் என்பது நூலாசிரியர் ஒருவரால் ஆவது என்றே கருதுவர். கதைப்பாட்டிலோ பாதியைப் பாடகர் செய்கிறார். மறு பாதியைக் கேட்போர் செய்கின்றனர். எதிரில் இருக்கும் கிழவர் தலையசைத்தால் பாடகர் அவ்விடத்தை விரிப்பார். பெண்டிர் கண்ணைத் துடைத்தால் தங்காளின் புலம்பல் நீளும். ஒருவர் கொட்டாவி விட்டால் அவ்விடம் சுருங்கும். எழுத்தரிடத்தில் தலையசைப்பும் இல்லை, கண்ணீரும் இல்லை. எழுதுகோல் ஓடும் விரைவு ஒன்றே உண்டு. அங்ஙனம் எழுதப்பெற்றது பொய் என்று கூறுதல் பொருந்தாது. ஆயினும் அது ஊர் கூடிப் பாடிய கதை அன்று.

இவ்வுண்மையைக் கடல் கடந்த நாடொன்றில் நாடக ஆசிரியர் ஒருவர் வேறு வகையிற் கண்டார். ஆப்பிரிக்கக் கண்டத்துக் கென்யா நாட்டில் காமிரீத்து என்பது ஒரு சிற்றூர். அவ்வூராருட் பலர் தேயிலைத் தோட்டங்களிலும் அருகே இருந்த காலணித் தொழிற்சாலையிலும் உழைக்கும் எளிய மக்கள். ஆங்கிலத்தில் எழுதிப் புகழ்பெற்ற கூகி வா தியாங்கோ என்னும் எழுத்தாளர், அவ்வூர் மக்களுடன் கலந்து, கூகி வா மிரீ என்னும் நண்பரோடு சேர்ந்து, ஊராரின் தாய்மொழியாகிய கிகூயு மொழியிலேயே ஒரு நாடகம் இயற்றினார். நிலம் இழந்த உழவரின் கதை அது. நாடக ஏட்டை ஊரார் முன் படித்தபோது, அவர்கள் வாளா கேட்டுக்கொண்டிருக்கவில்லை. முதியவர் இவ்வாறு பேசமாட்டார் என்றனர், இந்தச் சடங்கு இவ்வாறு நடவாது என்றனர், பாட்டைத் திருத்தினர். எழுதத் தெரிந்தவருக்கு எழுதத் தெரியாதவர் மொழி கற்பித்தனர். மரத்தாலும் மூங்கிலாலும் திறந்தவெளி அரங்கொன்றைத் தம் கையாலேயே கட்டினர். 1977-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2-ஆம் நாள் நாடகம் அரங்கேறியது. அயலூர்களிலிருந்தும் மக்கள் திரண்டனர். ஆறு வாரங்கள் கழித்து அரசினர் உரிமத்தைப் பறித்து நாடகத்தைத் தடுத்தனர். ஆண்டின் இறுதி நாளன்று ஆசிரியரைச் சிறையிலிட்டனர். ஏறத்தாழ ஓராண்டு அவர் சிறையில் இருந்தார். 1982-இல் அவ்வரங்கமும் இடித்துத் தள்ளப்பெற்றது. ஆங்கில நூல்களை எழுதியபோது அவரை விட்டுவைத்தவர்கள், ஊர்மொழியில் ஊராரைப் பேசவைத்தபோது அஞ்சினர் என்பது நோக்கத்தக்கது. அவர் 2025-ஆம் ஆண்டில் காலமானார்.

தமிழ் மக்களுக்கு இது முற்றிலும் புதிய செய்தி அன்று. சிலப்பதிகாரம் தோன்றிய வகையை எண்ணிப் பார்த்தால் விளங்கும். வேங்கை நிழலில் நின்ற கண்ணகியை முதலிற் கண்டவர் புலவர் அல்லர், அரசரும் அல்லர், மலையில் வாழ்ந்த குன்றக் குறவர். அவர்கள் கண்டதை வந்து கூற, சேரன் செங்குட்டுவனும் இளங்கோவடிகளும் கேட்டனர். உடனிருந்த சாத்தனார் முன்நிகழ்ந்ததைக் கூறினார். அதன் பின்னரே அடிகள் காப்பியம் இயற்றினார் என்று அந்நூலின் பதிகம் கூறும். குறவர் வாய்திறவாமல் இருந்திருப்பின் முத்தமிழ்க் காப்பியம் இல்லை. கொங்கு நாட்டு இளங்கோசர் தம் நாட்டகத்தே கண்ணகிக்கு விழா எடுத்தனர் என்னும் செய்தியும் அந்நூலின் உரைபெறு கட்டுரையில் உண்டு. களத்தில் மாண்ட வீரனையும் துயருற்ற பெண்ணையும் தெய்வமாக்கி, விழவெடுத்துப் பாடும் வழக்கம் அம்மண்ணில் எவ்வளவு பழமையானது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

அண்ணன்மார் கதையை நாட்டுப்புறப் பாட்டு என்று கருதிப் புலவர் பலர் நெடுங்காலம் பொருட்படுத்தாதிருந்தனர். இலக்கணப் பிழை மலிந்தது என்றனர். வரலாற்றுக்கு ஒவ்வாதது என்றனர். அவ்வாறு ஒதுக்கியது நன்றன்று. ஏட்டுப்படி ஒன்றைக் கொண்டு கவிஞர் சக்திக்கனல் 1971-ஆம் ஆண்டில் அண்ணன்மார் சுவாமி கதையைப் பதிப்பித்தார். பெக் அம்மையார் பதிவு செய்த பாடம் 1992-இல் தமிழும் ஆங்கிலமுமாகச் சென்னையில் ஆசியவியல் நிறுவனத்தின் வெளியீடாக அச்சேறியது. கலைஞர் மு. கருணாநிதி இதனைப் புதினமாக எழுதினார். அப்புதினம் 2011-இல் திரைப்படமாயிற்று.

கதையின் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். உழவர் குடியினர் பாடுவிக்கும் பாட்டில் வேட்டுவர் பகைவராகவே வருவர். ஆனால் காடு திருத்தி வயலாக்கப்பட்டபோது, அக்காட்டை நம்பி வாழ்ந்தவர் யாது செய்தனர்? ஒருவன் ஏர் பூட்டிய இடம் மற்றொருவன் மான் துரத்திய இடம் அன்றோ? கொம்பன் வயலை அழித்தது என்று உழவன் பாடுவான். வயல் கொம்பனின் காட்டை அழித்தது என்று வேட்டுவன் பாடக்கூடும். பாடகரும் இதனை அறியாதவர் அல்லர். வேட்டுவர் மரபு அந்நிலத்தில் இன்றும் வாழ்வது. பாட்டு நடைபெறும் ஊரில் இரு மரபினரும் அருகருகே இருப்பர். ஆதலின் தலையூர்க் காளியின் வீரத்தையும் குறையாமற் கூறுவது நல்ல பாடகரின் கடமை. அண்ணன்மார்க்கு உற்ற துணைவனாய்க் கதை முழுதும் உடன்வருபவன் சாம்புவன். சாம்புகன் என்றும் அவன் பெயர் வழங்கும். ஊர் தாழ்ந்தோன் என்று ஒதுக்கிய குடியில் வந்த அவனுக்கு, வீரப்பூரில் அண்ணன்மாரோடு வழிபாடு உண்டு. எந்நேரமும் வீரர் அருகில் நின்றவனுக்கு ஊர்த்தெருவில் நெடுங்காலம் என்ன இடம் கொடுக்கப்பட்டது என்பதைக் கேட்போர் தம் நெஞ்சையே வினவிக்கொள்ள வேண்டும். ஊர்க்கதை என்பது ஊரின் பெருமையை மட்டும் காட்டுவதன்று. ஊர் மறைக்க விரும்புவதையும் அது காட்டிவிடும்.

திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் மணப்பாறையை அடுத்துள்ள வீரப்பூர் அண்ணன்மாருக்கு உரிய பெருந்தலம். மாசித் திங்களில் அங்கு நிகழும் விழாவிற்குக் கொங்கு நாட்டார் திரளாகச் செல்வர். அண்ணன்மார் வீழ்ந்த களத்தைப் படுகளம் என்பர். கொங்கு நாட்டு ஊர்கள் சிலவற்றிலும் கதை முடியும் இரவில் படுகளம் நிகழ்த்தும் வழக்கம் உண்டு. அதனை நாடகம் என்பதா, வழிபாடு என்பதா என்று பிரித்துக் கூறல் அரிது. உடுக்கையும் பறையும் முழங்க, கூட்டத்தில் இருப்போர் சிலர் அருள் வந்து ஆடுவர்; ஆடியவாறே உணர்விழந்து நிலத்தில் வீழ்வர். வீழ்ந்தவரை வரிசையாகக் கிடத்தித் துணியால் மூடுவர். அவர்கள் அப்பொழுது இறந்த வீரராகவே கருதப்பெறுவர். ஊர் முழுதும் ஓசையடங்கி நிற்கும். அதுகாறும் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தவர் இப்பொழுது பாட்டிற்குள்ளேயே கிடக்கின்றனர். வீழ்ந்து கிடப்பவர் தம் கணவரும் மக்களுமாதலின், சூழ நின்று அழும் பெண்டிரின் அழுகை நடிப்பு அன்று. பின்னர்த் தங்காளின் பெயரைச் சொல்லித் தீர்த்தம் தெளிக்க, கிடந்தவர் ஒவ்வொருவராய் எழுவர். எந்த நாடக ஆசிரியரும் இதனினும் மேலாக அரங்கையும் அவையையும் ஒன்றாக்கியதில்லை.

இந்நாளில் பதினெட்டு இரவுகள் ஓர் ஊரைப் பந்தலடியில் இருத்துவது எளிதன்று. பகலெல்லாம் உழுதவன் இரவில் ஓய்ந்திருந்தான். அறுவடை முடிந்த திங்கள்களில் பகலிலும் ஓய்ந்திருந்தான். பனியன் ஆலைக்கு அத்தகைய பருவ ஓய்வு இல்லை. கப்பலேற்ற வேண்டிய நாள் நெருங்கினால் இரவு முறை வேலை உண்டு. வெள்ளக்கோயில் பக்கத்து விசைத்தறிகளும் அவ்வாறே. வேறு மாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் வேலை தேடி வந்து குடியேறியோர் பலர் அங்கு உளர். பொன்னிவள நாடு எங்குளது என்று அவர்களுக்குத் தெரியாது. அவர்தம் ஊர்க்கதை யாது என்று உள்ளூரார்க்கும் தெரியாது. ஒரே எந்திர வரிசையில் தோளோடு தோள் உரச உட்கார்ந்து தைப்பவர், ஒருவர் கதையை ஒருவர் அறியாமல் தைக்கின்றனர்.

உடுக்கடிப் பாடகர் இன்றும் இருக்கின்றனர். எண்ணிக்கை குறைந்தாலும் கலை அற்றுப்போகவில்லை. பதினெட்டு இரவுக்கு மாறாக, ஓரிரவிலோ மூன்று இரவிலோ முடியுமாறு சுருக்கிப் பாடுவோரும் உளர். எதனை விடுவது, எதனை வைப்பது என்பதிலேதான் அவர்தம் திறமை விளங்கும். பன்றி வேட்டையை விட்டால் சிறுவர் விடார். தங்காளின் புலம்பலை விட்டால் பெண்டிர் விடார். முதலிரு தலைமுறைக் கதையே பெரும்பாலும் சுருங்குகிறது. காடு திருத்தியதும், பங்காளிகள் துரத்தியதும், ஆடு மேய்த்ததும் அப்பகுதியிலேதான் உள்ளன. வேற்றூர் சென்று கூலிக்கு உழைத்த குன்னுடையானின் கதை, பிறந்த ஊரை விட்டுத் திருப்பூருக்கு வந்து உழைப்பவர்க்கு நெருங்கிய கதை. அதனைச் சுருக்காமற் பாடும் பாடகர் ஒருவர் தொழிலாளர் குடியிருப்பின் நடுவே பந்தலிட்டு அமர்ந்தால், கேட்க வருவோர் யாவர் என்று முன்கூட்டியே சொல்ல இயலாது.

பெக் அம்மையார் பிற்காலத்தில் கனடாவில் வாழ்ந்து, அக்கதையை 26 பகுதிகள் கொண்ட அசைவூட்டப் படமாகத் தமிழிலும் ஆங்கிலத்திலும் உருவாக்கச் செய்தார். ஓலப்பாளையத்துப் பந்தலில் ஒலித்த கதையைக் கடல் கடந்த நாட்டுச் சிறுவரும் கண்டு களிக்க அது வழி செய்தது. 1965-இல் பதிவான நாடாக்களில் உடுக்கை ஒலியோடு வேறு ஒலிகளும் உள்ளன. பாடகர் பாட்டை நிறுத்தி வசனம் பேசும் இடைவெளிகளில், எதிரே அமர்ந்திருந்தவர்களின் அரவத்தையும் கேட்கலாம்.